பிழியாமல் காயப்போட்ட சேலை

1

மருதாணியை எப்படி அழிப்பது என்று நம் பக்கத்தில் யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். சரியாகச் சிவக்கவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்கள்தான் எல்லோரும். இந்தத் தீபாவளி முடிந்த கையோடு, ஜெர்மனியில் ஒரு மாடிவீட்டுச் சமையலறையில், எலுமிச்சைத் தோலையும் சோடா உப்பையும் வைத்து, அருமையாகச் சிவந்திருந்த என் விரல்களை நானே தேய்த்துக்கொண்டு நின்றேன். தேய்க்கத் தேய்க்க வலி முழங்கை வரை ஏறியது. நிறம் மட்டும் போகவில்லை.

என் மகள் மது வாசலில் நின்று பார்த்தாள். கல்லூரியில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பேச்சு அப்படித்தான் நடக்கிறது. "இதை யாராவது பார்த்தால் உனக்குப் பைத்தியம் என்று நினைப்பார்கள்" என்றாள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டுத் தேய்ப்பதைத் தொடர்ந்தேன்.

இதை எழுத உட்கார்ந்த பிறகும் பலமுறை எழுந்துவிட்டேன். ஜன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன், தேநீர் வைத்துவிட்டுக் குடிக்க மறந்துவிடுகிறேன். கொஞ்ச நாளாக இருப்புக் கொள்வதில்லை. அதனால் முன்னும் பின்னுமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஆப்செட் மெஷின் மெக்கானிக்காக இருந்தவர். இங்கே அச்சு மெஷின் செய்யும் ஒரு கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. நான் பின்னால் வந்தேன். மது இங்கேயே பிறந்தாள். அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்ட பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். உருளைக்கிழங்கு தோல் சீவுவது, பெரிய டின்களைத் திறப்பது, தட்டு அடுக்குவது. பிடித்த வேலைதான்.

போன குளிர்காலத்தில் விரல்கள் மக்கர் செய்ய ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் மடங்காது. பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். வேலைக்குப் போய்ப் பாதி நேரம் ஆன பிறகு கொஞ்சம் இளகும். மத்தியானம் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். டாக்டரைப் பார்க்கப் போகும் நேரத்தில் விரல்கள் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருக்கும்.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றார் குடும்ப டாக்டர். எக்ஸ்ரேயிலும் இல்லை. விரல்கள் இறுகிக் கிடக்கின்றன என்று சொல்ல நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஜெர்மன் வார்த்தை வாயில் வரவில்லை. "காலையில் என் விரல்கள் சோம்பேறியாக இருக்கின்றன" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "என்னுடையதும்தான்" என்றார். நானும் சிரித்துவைத்தேன். வெளியே வந்து பஸ் ஏறின பிறகுதான் முகமெல்லாம் எரிந்தது.

காப்பீட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் பார்த்தவரை நான் முழு வேலைக்கும் தகுதியானவள், மாற்றிச் சொல்ல வேண்டுமானால் பரிசோதனையில் கண்ணுக்குத் தெரியும் சான்று வேண்டும் என்று எழுதி, கீழே நட்பார்ந்த வணக்கங்களும் சொல்லியிருந்தார்கள். இந்த ஊரில் இல்லையென்று சொல்வதைக்கூட வணக்கத்தோடுதான் சொல்வார்கள். சமையலறை மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. சான்று இருந்தால் டின் திறக்கும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிடுவதாகச் சொன்னார். சான்று எங்கே? ஊறுகாய்ப் பாட்டில் மூடியைத் திறந்து தரச்சொல்லி மதுவிடம் நீட்டினால், அவளும் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் பார்த்து வளர்ந்த பார்வை அது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். ஆமாம், இருக்கிறது, இவள் பொய் சொல்லவில்லை என்று யாராவது ஒருவர் சொல்லவேண்டும்.

3

எங்கள் ஊர் அச்சங்குளத்தில் எங்கள் வீட்டுத் துணிக்கொடியை எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அம்மா காயப்போட்ட சேலை மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கும். அதற்குக் கீழே மண் எந்நேரமும் குழைந்து கிடக்கும். கோழிகள் அங்கே வந்து தண்ணீர் குடிக்கும். அம்மா சேலையைப் பிழிவதில்லை. வாளியிலிருந்து அப்படியே அள்ளித் தோளில் போட்டு, நனைந்தபடி வந்து, கொடியில் தள்ளிவிடுவாள்.

அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னினாள். குட்டி வெடிகளின் திரியைப் பிடித்து, நூலோடு சேர்த்து, சடை பின்னுவதுபோல் பின்னிக்கொண்டே போகவேண்டும். பின்னின அளவுக்குத்தான் கூலி. சீசன் சமயத்தில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகும் அவள் விரல்கள் மடியில் பின்னிக்கொண்டிருக்கும். பிறகு அந்த விரல்கள் வீங்கின. அதற்குப் பிறகு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தன. சாத்தூரில் காட்டிய டாக்டர் வலி மாத்திரை கொடுத்து, வேலை செய்த கை அப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டார். நூலைப் பிடிக்க முடியாமல் போனபோது போர்மேன் அம்மாவைப் பெட்டி அடுக்கப் போட்டார். அதுவும் முடியாமல் வீட்டோடு இருந்துவிட்டாள்.

அப்பா லோடு ஆட்டோ ஓட்டியவர். வாயாடி. தெருவில் அவர் பேச ஆரம்பித்தால் நாலு பேர் நின்று கேட்பார்கள். எங்கள் கொடியைக் காட்டி, "ஏலே, ஊருக்கே மழை இல்ல, எங்க வீட்டுல மட்டும் தெனமும் பெய்யுது பாருங்க. சேலையப் பிழியச் சோம்பேறித்தனம். வேற என்ன?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். கை வலி என்று அம்மா சொன்னால், "சோறு அள்ளித் திங்கையில வலிக்கலையோ?" என்று கேட்பார். அதற்கும் சிரிப்பு உண்டு. அவர் அடித்தவரோ குடித்தவரோ இல்லை. பேச்சு மட்டும்தான். ஆனால் வருஷக்கணக்கில் அதே பேச்சு.

அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அதுதான் எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

4

குடும்ப டாக்டரிடம் நான் விடாமல் போய் நின்றதில் அவருக்கே அலுத்துப்போய், ஒரு பெரிய மருத்துவமனையின் மூட்டுவாதப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. விரல் மூட்டுக்குள் அழற்சி இருக்கிறதா என்று ஒளியையும் ஒலியையும் சேர்த்துப் பார்க்கும் புது மெஷின். வெளியூரிலிருந்து கொஞ்ச நாளைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், மாசக் கடைசியில் திரும்பப் போய்விடும், வருகிறீர்களா என்று கேட்டார்கள். ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டேன்.

அம்மாவுக்கு வீடியோவில் சொன்னேன். அவளுக்கு ஆராய்ச்சி எல்லாம் புரியவில்லை. கையைப் படம் எடுக்கப் போகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது.

"ஏத்தா, படம் எடுக்கையில வெறுங்கையோடயா போவ? நாளும் கெழமையுமா இருக்கு. நான் அனுப்புன மருதாணிப் பொடி கெடக்குல்ல, அதக் குழைச்சுப் போடு. விரலுக்குத் தொப்பி வச்சுட்டு, மொளியில நல்லா அப்பிக்கோ. சூடும் எறங்கும்" என்றாள்.

மொளி என்றால் எங்கள் பக்கம் மூட்டு. நான் தேயிலைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒவ்வொரு மூட்டிலும் களிமண் பூசுவதுபோல் பூசிக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். குளிர்ச்சியாக இருந்தது. நிஜமாகவே வலி கொஞ்சம் அடங்கியது போலவும் இருந்தது. மருத்துவமனைக் குறிப்பில் நகப்பூச்சு வேண்டாம், களிம்பு வேண்டாம், மோதிரம் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். மருதாணி வேண்டாம் என்று எழுத அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அதைப் பார்த்து யோசிக்க எனக்கும் தோன்றவில்லை. நகப்பூச்சு, களிம்பு கணக்கில் மருதாணியை நாம் எங்கே சேர்க்கிறோம்?

5

மெஷினை இயக்கிய பெண் பெயர் லேனா. மதுவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். எனக்கு விளங்காததை எடுத்துச் சொல்ல மதுவைக் கூட்டிப்போயிருந்தேன். லேனா எங்கள் எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடி கொடுத்தாள். வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டிக்குள் கையை வைக்கச் சொன்னாள். பிறகு நிதானமாக விளக்கினாள். கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவான நேரத்துக்கு ஓர் ஒளி விரலுக்குள் போகும். ரத்தம் அந்த ஒளியை வாங்கிக்கொண்டு ஒரு இம்மி சூடாகும், ஒரு இம்மி விரியும். விரியும்போது ஒரு சத்தம் வரும். காதால் கேட்க முடியாத சத்தம். தொட்டியைச் சுற்றி இருக்கும் கருவிகள் அதைக் கேட்டுப் படமாக வரையும். அழற்சி இருக்கும் மூட்டில் தேவைக்கு மேல் ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கும். அதனால் அங்கே சத்தம் அதிகம்.

"உள்ளே வெளிச்சம், வெளியே சத்தம். அவ்வளவுதான்" என்று முடித்தாள்.

அவ்வளவுதான் என்று அவள் சொல்லிவிட்டாள். எனக்கு உள்ளங்கை தண்ணீருக்குள்ளேயே வேர்த்திருக்கும். நம் ஊரில் பகல் வேளையில் எங்கோ ஒரு பெரிய சத்தம் கேட்டால் யாரும் பேசமாட்டார்கள். எல்லாரும் வாசலுக்கு வந்து எந்தப் பக்கம் புகை எழுகிறது என்று பார்ப்பார்கள். அம்மா வேலைக்குப் போன திசையில் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். அப்படி வானத்தைப் பார்த்து வளர்ந்தவள், வெளிச்சத்தையும் சத்தத்தையும் என் விரலுக்குள் விடு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றும் வலிக்கவில்லை. டிக், டிக் என்று மெஷின் மட்டும் அடித்துக்கொண்டது. ஆனால் லேனாவின் முகம் சுருங்கியது. திரையில் மேலே தடித்த வெள்ளைக் கோடு. அதற்குக் கீழே இருட்டு. விளக்கைப் போட்டு என் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்ன, சாயமா? தீப்புண்ணா?"

மது முந்திக்கொண்டாள். "ஒரு செடி. அரைத்துப் பூசுவார்கள். உடம்புச் சூட்டைக் குறைக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை."

அவர்கள். நான் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு தண்ணீர் சொட்டும் கையோடு உட்கார்ந்திருந்தேன்.

லேனா உள்ளே போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். மாநிறத் தோலுக்கு ஏற்றபடி மெஷினைத் திருத்திக்கொள்ள அவர்களுக்குத் தெரியும். இப்படிச் செம்பழுப்பாய் ஏறிய சாயத்தை அவர்கள் பார்த்ததில்லை. ஒளியை அது மேலேயே வாங்கிக்கொள்கிறதோ என்னவோ, இந்தப் படத்தைக் கணக்கில் எடுக்க முடியாது என்றார்கள். நிறம் போன பிறகு வாருங்கள், ஆனால் மெஷின் கிளம்புவதற்கு முன் வாருங்கள்.

எங்கள் அம்மா ஆசையாகச் சொன்ன யோசனை என் ஒரே சாட்சியின் வாயை அடைத்துவிட்டது. அதனால்தான் அந்த எலுமிச்சைத் தோல், அந்தச் சோடா உப்பு. அன்று மது வாசலில் நின்று பேசிவிட்டுப் போனதாகச் சொன்னேன் அல்லவா? போனவள் திரும்பி வந்தாள். ஆலிவ் எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, குழாயை மூடிவிட்டு, என் கையை வாங்கி மெதுவாகத் தேய்த்தாள். நடுவிரல் மூட்டைத் தொட்டதும் என்னை அறியாமல் கையை இழுத்துக்கொண்டேன். அவள் எண்ணெய்க் கையோடு அப்படியே நின்றாள்.

"நெசமாவே இம்புட்டு வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். அதுவும் எங்கள் ஊர்த் தமிழில். என்னிடமிருந்துதான் வந்திருக்கவேண்டும்.

6

மெஷின் கிளம்புவதற்குச் சற்று முன்னால் எனக்கு மறுபடி நேரம் கிடைத்தது. தோலில் வெளுத்த ஆரஞ்சு மட்டும் மிஞ்சியிருந்தது. நகத்தில் இருந்தால் பரவாயில்லை என்றாள் லேனா. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல விரல் ஒன்று வேண்டும் என்று மதுவிடம் கேட்டாள். மது ஒப்புதல் எழுதிக் கொடுத்துவிட்டு முதலில் கையை வைத்தாள்.

அவளுடைய படத்தில் விரலின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய கோடுகள் ஓடின. மூட்டில் ஒன்றுமில்லை, சுத்தமாக இருந்தது. பிறகு என்னுடையது வந்தது. அதே கோடுகள் இருந்தன. மூட்டைச் சுற்றி மட்டும் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி கொசகொசவென்று ஒரு பிரகாசம். டாக்டர் வந்து பார்த்தார். "இருக்கிறது" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடம்பில் நோய் இருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்டவளை அந்த மருத்துவமனை பார்த்திருக்குமா தெரியாது. மது இரண்டு படத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வரும்போது என் கைப்பையை அவள் வாங்கிக்கொண்டாள்.

இது ஆராய்ச்சிப் படம், இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று டாக்டர் வழக்கமான அல்ட்ராசவுண்டும் எடுத்தார். அதிலும் தெரிந்தது. வாரத்துக்கு ஒருமுறை சாப்பிடும் மாத்திரை எழுதினார். காப்பீட்டு அலுவலகத்துக்கும் அவரே எழுதுவதாகச் சொன்னார்.

கிளம்பும் முன் போனில் இருந்த அம்மாவின் கைப் படத்தை அவரிடம் காட்டினேன். விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்த கை. இவரைக் கூட்டிவந்தால் இந்த மெஷினில் தெரியுமா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எவ்வளவோ வருடம் ஆன மாதிரி இருக்கிறது. மூட்டு சிதைந்துவிட்டது. உள்ளே அழற்சி இப்போது அடங்கியிருக்கலாம். அப்படியென்றால் எங்கள் மெஷினுக்கு ஒன்றும் கேட்காது" என்றார். ஆரம்பத்திலேயே யாராவது பார்த்து மருந்து கொடுத்திருந்தால் கை இப்படிச் சாய்ந்திருக்காது என்றும் சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் என்னால் நிற்க முடியவில்லை. அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தேன். அங்கேயும் நிற்க முடியாமல் அதற்கடுத்ததற்கு நடந்தேன். மதுவும் கூடவே நடந்து வந்தாள். என் வலிக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. அம்மாவின் விரல் சத்தம் போட்ட காலத்தில் கேட்க மெஷின் இல்லை. மெஷின் வந்த காலத்தில் அவள் விரலில் சத்தம் இல்லை. இதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது?

7

சொன்னேன். மறைக்கத் தெரியவில்லை. படத்தை முதலில் காட்டினேன், டாக்டர் சொன்னதைப் பிறகு சொன்னேன். அம்மா போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பின்னால் அப்பா டிவியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மினுமினுன்னு இருக்கதுதான் வலியா?"

"ஆமாம்மா. அங்கனதான் ரத்தம் சேந்திருக்கு."

"எனக்கும் ஆரம்பத்துல அதே மொளிதான்." தன் விரலைத் திரைக்கு முன்னால் நீட்டிப் பார்த்தாள். "ஒனக்கு இருக்குன்னா, எங்கிட்ட இருந்துதான வந்திருக்கும்?"

குடும்பத்தில் வருவதுண்டு என்று டாக்டரும் சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப எனக்கும் இருந்திருக்கு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல், "அப்ப நான் சோம்பேறி இல்ல" என்றாள்.

நான் வாய் திறப்பதற்குள் அவளே பேசினாள். "நீ மாத்திரைய ஒழுங்காப் போடு. என்னைய மாதிரி விட்டுறாத. அந்தப் படத்த உங்கப்பா போனுக்கு அனுப்பு."

அனுப்பினேன். மதுவின் விரல் ஒன்று, என் விரல் ஒன்று. படங்களோடு, மேலே இருப்பது நல்ல விரல், கீழே இருப்பது வலிக்கிற விரல், அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று டாக்டர் சொல்கிறார் என்று மட்டும் எழுதினேன். அவர் பார்த்துவிட்டதற்கான நீலக் குறி உடனே வந்தது. பதில் வரவில்லை. எந்தச் செய்திக்கும் ஒரு கேலிப்படமாவது அனுப்புகிற மனிதர். மறுநாளும் வரவில்லை. வேலையில் கையைத் துடைத்துத் துடைத்துப் போனைப் பார்த்தேன். டின் திறக்கும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள், சந்தோஷப்படவேண்டிய வாரம். எனக்கு அந்த நீலக் குறியிலேயே கண் இருந்தது. கோபித்துக்கொண்டாரோ, அம்மாவிடம் ஏதாவது சொன்னாரோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டாள். வெயிலில் நின்று பேசினாள். மதுவைக் கேட்டாள், மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதா என்று கேட்டாள். அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானாகக் கேட்கவும் பயமாக இருந்தது. அப்போதுதான் அவள் தோளுக்குப் பின்னால் கொடி தெரிந்தது. அவளுடைய பச்சைச் சேலை, கயிறு திரித்தது போல முறுக்கல் முறுக்கலாய், சுருக்கம்கூட உதறி விடாமல் தொங்கியது.

"யாரும்மா பிழிஞ்சது?"

அம்மா ஒருமுறை திரும்பி வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டாள்.

"பிழிஞ்ச லட்சணத்தப் பாரு. முறுக்குன முறுக்குல முந்தி நூலு விட்டுப்போச்சு. நல்ல சேலை" என்றாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "நீ ஒன்னும் கேட்டுறாத. கேட்டா பிழியிறத விட்டுருவாக" என்றாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. சேலைக்குக் கீழே மண் காய்ந்து கிடந்தது.